வீட்டிலேயே கார் வேலை பார்த்த பிறகு ஐடிலிங் ஏறி இறங்குகிறதா? பலரும் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஏர் ஃபில்டரையும் பிளக்குகளையும் மாற்றி, கையோடு த்ராட்டில் பாடியையும் (இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) துடைத்தாயிற்று. ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டால் (இதுதான் ஐடிலிங்) ஆர்பிஎம் முள் 700-க்கும் 1,500-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. உடனே பலரும் சென்சார் விலை தேட ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறு அதுதான். காலையில் நன்றாக வேலை செய்த சென்சார் மதியத்துக்குள் தானாகச் செத்துப்போவது அபூர்வம். கை பட்ட இடத்தில்தான் கோளாறைத் தேட வேண்டும். கழற்றிய ஒவ்வொரு ஹோஸ், கப்ளர் (ஒயர் இணைப்பு), கிளாம்ப், போல்ட்டையும் கடைசியிலிருந்து முதல்வரை தொட்டுப் பார்த்து வாருங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையைத் தாண்டாமல் எந்த உதிரிபாகமும் வாங்காதீர்கள்.

(இங்கே சொல்வது இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் கார்களுக்கு. டீசலுக்கும் கார்புரேட்டர் வண்டிக்கும் கதை வேறு.)

இரண்டு கோளாறுகளை ஒன்றாக நினைப்பது

முள் ஏறி இறங்குவது ஒன்று. முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, இன்ஜின் மட்டும் குலுங்குவது இன்னொன்று. குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஸிங். பிளக் மாற்றிய பிறகு இது வந்தால், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் கப்ளர் 'டிக்' என்று பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்துத் திருகினால் அப்படி விரியும். ஸ்கேனரில் (வண்டியில் சொருகிக் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) பி0301 என்று வந்தால் 1-வது சிலிண்டர், பி0302 என்றால் 2-வது. அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மிஸ்ஸிங்கோடு வண்டியை நாள்கணக்கில் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை நாசமாக்கிவிடும்.

திருட்டுக் காற்றைத் தவறான இடத்தில் தேடுவது

முள் ஏன் ஊஞ்சலாடுகிறது? த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் வேறொரு ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகிறது. ஆர்பிஎம் ஏறுகிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆனாலும் ஆர்பிஎம் அதிகம். வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று ஈசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கணக்குப் போட்டு பெட்ரோலை நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுகிறது, இன்ஜின் அணையாமல் இருக்க மறுபடி பெட்ரோல் விடுகிறது, மறுபடி ஏறுகிறது. இந்தச் சுழற்சிதான் அந்த 'உவ்வ்... உவ்வ்...' சத்தம்.

வண்டியில் இருப்பது காற்றின் அளவை அளக்கும் மாஃப் சென்சாரா, மேனிஃபோல்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரா என்று தெரியாமல் ஓட்டையைத் தேடினால் நேரம்தான் வீண். மாஃப் உள்ள வண்டியில் அந்தச் சென்சாரைத் தாண்டி உள்ள ரப்பர் பைப்பில் சின்ன கிழிசல் இருந்தாலும் கணக்கு கெடும். மேப் மட்டும் உள்ள வண்டியில், நம்மூர்ச் சிறிய கார்கள் பலவும் இந்த ரகம், த்ராட்டிலுக்கு முன்னால் பைப் கழன்றிருந்தாலும் ஐடிலிங் பெரிதாக மாறாது. தூசிதான் உள்ளே போகும். அங்கே தேட வேண்டியது த்ராட்டிலுக்குப் பின்னால்: த்ராட்டில் பாடி கேஸ்கட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினின் உள்புகையைத் திரும்ப உள்ளே இழுப்பது), பர்ஜ் வால்வ் ஹோஸ் (டேங்கின் பெட்ரோல் ஆவியைக் கொண்டுவருவது), இன்ஜெக்டர் ஓ-ரிங். மாஃப் வண்டியில் டிப்ஸ்டிக் முழுசாக உள்ளே இறங்கியிருக்கிறதா, ஆயில் மூடியில் ரப்பர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிசிவி வழியாக அந்தக் காற்றும் இன்ஜினுக்குள்தான் போகிறது.

ஓட்டை தேட, சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் (எளிதில் தீப்பிடிக்கும் ஸ்ப்ரே) அடிக்கிறார்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் பற்றிக்கொள்ளும், செய்யாதீர்கள். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை எடுத்து, காயில்களையும் கப்ளர்களையும் தவிர்த்து, இணைப்புகளில் மட்டும் லேசாகத் தெளித்தால் போதும். சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டுக் குமிழிக்காகக் காத்திருப்பதும் தவறு. இந்த ஓட்டை காற்றை உள்ளே இழுக்கிறது, வெளியே விடுவதில்லை, குமிழி வராது. தெளித்த நொடியில் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுங்கள். ரப்பர் ஹோஸ்களைத் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக இரண்டு நொடி நெரித்துப் பார்க்கலாம். எதை நெரிக்கும்போது முள்ளின் ஊஞ்சலாட்டம் நிற்கிறதோ அந்தப் பாதையில்தான் கோளாறு. பிளாஸ்டிக் பைப்பை நெரித்தால் உடையும்.

ஸ்கேனர் இருந்தால் இன்னும் சுலபம். மாஃப் வண்டியில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலிங்கில் +15, +20 என்று இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் காற்று ஓட்டை. மாறாக, ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் அழுத்தம் போதாமல் இருக்கலாம். மேப் வண்டியில், இன்ஜின் சூடாகி ஏசி அணைந்திருக்கும்போது மேனிஃபோல்ட் அழுத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 கிலோபாஸ்கல் இருக்கும். 50-ஐத் தாண்டினால் விட்டுவிடாதீர்கள்.

த்ராட்டில் பாடியை மினுமினுக்க வைப்பது

அழுக்கு படிந்த த்ராட்டிலுக்கு ஏற்றபடி அதைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து வைக்க ஈசியு பழகியிருக்கும். அழுக்கைத் துடைத்ததும் அதே திறப்பில் அதிகக் காற்று போகிறது, ஐடிலிங் ஏறுகிறது. இது உடைந்த பாகமில்லை, மறுபடி பழக்க வேண்டிய விஷயம். பழக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஸ்கேனர் கட்டளை தேவை. சர்வீஸ் மேனுவலில் உள்ளபடியே செய்யுங்கள்.

துடைக்கும்போது மூன்று விஷயம் கூடாது. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளுவது. உள்ளே பல் சக்கரம் உடையும், விரலும் மாட்டும். உப்புத் தாளால் தேய்ப்பது. சில த்ராட்டில்களில் தகட்டின் ஓரத்தை அடைக்கவென்றே பூச்சு இருக்கிறது, அது போனால் எத்தனை முறை பழக்கினாலும் ஐடிலிங் இறங்காது. மாஃப் சென்சாரில் கார்ப் கிளீனர் அடிப்பது; அதற்கென்றே தனி கிளீனர் விற்கிறது. ஐடிலிங்கைக் குறைக்க, த்ராட்டில் தகடு மூடும்போது முட்டி நிற்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அது தொழிற்சாலையில் வைத்த அளவு. திருகிவிட்டால் பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பேட்டரியைக் கழற்றி 'ரீசெட்' செய்வது

கோளாறுக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமல் இப்படி அழித்தால், கோளாறு வந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்ற பதிவும் சேர்ந்தே அழியும். ஈசியு பழகிய ஐடிலிங் அளவும் போய்விடலாம். இருந்த கோளாறோடு புதிதாக ஒன்று சேரும். முதலில் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள்.

கூலன்டை மறப்பது

தெர்மோஸ்டாட்டோ ரேடியேட்டர் ஹோஸோ மாற்றியிருந்தால் ஏர்லாக்கைச் (கூலன்ட் பாதையில் காற்று சிக்கிக்கொள்வது) சந்தேகியுங்கள். வெப்பச் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் நீராவியில் நின்றால் ஈசியு தவறான சூட்டைப் படிக்கும். 1990-களின் ஹோண்டா சிவிக் போன்ற வண்டிகளில், கூலன்ட் சூட்டில் விரியும் மெழுகு வால்வ் ஒன்று ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும். கூலன்ட் குறைந்தால் அங்கே முள் அப்படியே ஊஞ்சலாடும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை ஐடிலிங்கில் விடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு சேரும்.

டைமிங் பெல்ட் மாற்றிய வண்டி என்றால் நிலைமை வேறு. ஓட்டை எங்குமில்லை, ஆனால் மேனிஃபோல்ட் அழுத்தம் அதிகம், பி0016 குறியீடும் (கிராங்க், கேம் தண்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சுழல்வது) வருகிறது என்றால் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். மேற்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்துச் சோதிக்காமல், இன்ஜினை அணைத்துவிட்டுக் கவரைத் திறந்து டைமிங் குறிகளைச் சரிபாருங்கள்.