தாராவியில் ஊரடங்கைத் தாக்குப்பிடிப்பது எப்படி: ஓர் இட்லி வியாபாரியின் கணக்கு

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவுக்காக ஒருநாள் மக்கள் ஊரடங்குதானே, திங்கள் காலை வியாபாரம் இருக்கும் என்று நம்பி, மத்தியானமே அரைத்து மூன்று பானை மாவைக் கரைத்து வைத்துவிட்டோம். சாயங்காலம் பார்த்தால் 31ஆம் தேதி வரை மும்பையில் லோக்கல் ரயில் கிடையாது என்று செய்தி. சயான் ஸ்டேஷன் பக்கம் சைக்கிளை நிறுத்தி இட்லி விற்கிறவனுக்கு ரயில் இல்லை என்றால் ஆளே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்தது. என் வீட்டுக்காரி துடைத்துக்கொண்டே இருந்தாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் அவித்துச் சந்து முழுக்க இலவசமாகக் கொடுத்தோம்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல தினமும் சம்பாதித்து தினமும் சாப்பிடுகிறவர்களுக்காக. மாதச் சம்பளக்காரர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதல் வேலை, ஆணையை வாசிப்பது. வாட்ஸ்அப்பில் வருவதை அல்ல, அரசு போட்ட ஆணையையே. ‘லாக்டவுன்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டு ஷட்டரை இறக்கிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் இருபது முப்பது வரிகள் இருக்கும், அதில் ஒரு வரி உங்களைப் பற்றியது. 2021 ஏப்ரல் 14 இரவு 8 மணியிலிருந்து மகாராஷ்டிரா அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, தெருக்கடை எல்லாம் மூடச் சொல்லிவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அன்றைக்கே அடுப்பை அணைத்துவிட்டார்கள். என் மகள் பி.டி.எஃப்பைத் திறந்து வாசித்தாள். தெருவோர உணவுக்கடை காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை பார்சல் கொடுக்கலாம், நின்று சாப்பிட வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வியாபாரமே விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது. பாதி போச்சு. ஆனாலும் மீதிப் பாதி சட்டப்படி நம்முடையது இல்லையா?

வாசிக்கும்போது ஐந்து விஷயத்தைத் தேடுங்கள். எந்தத் தேதி வரை, என்ன நேரம், அத்தியாவசியப் பட்டியலில் உங்கள் தொழில் எந்தப் பெயரில் இருக்கிறது (‘ஹோட்டல்’ வேறு, ‘தெருவோர உணவு’ வேறு, ‘மளிகை’ வேறு), வேலையாளுக்குத் தடுப்பூசியோ பரிசோதனையோ கேட்கிறார்களா, கடைசியாக கன்டெயின்மென்ட் ஜோனுக்கு (தொற்று வந்ததால் அடைத்து வைத்த பகுதிக்கு) தனி விதி உண்டா. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டினார்கள். ஊருக்கெல்லாம் அனுமதி இருக்கும், உங்கள் சந்து வாசலில் மூங்கில் கட்டியிருந்தால் அந்த அனுமதி உங்களுக்கு இல்லை. ஆணை அடிக்கடி மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். அதே ஏப்ரல் 20ஆம் தேதி மளிகைக்கடை நேரத்தைக் காலை 7 முதல் 11 வரை என்று சுருக்கினார்கள். பருப்பு வாங்கப் பன்னிரண்டு மணிக்குப் போனவன் வெறும் பையோடு திரும்பினான். (நான்தான்.)

வாசித்துவிட்டால் மட்டும் போதாது, கையிலும் வைத்திருக்க வேண்டும். உங்களைப் பற்றிய வரியைச் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போட்டு, பிரின்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் செருகி சைக்கிளில் தொங்கவிடுங்கள். மராத்திப் பிரதி கிடைத்தால் அதுதான் நல்லது. ஒரு நாகாபந்தியில் (சாலையை மறித்து நடக்கும் போலீஸ் சோதனையில்) போலீஸ்காரர் ஒருவர் வந்த வேகத்தில் என் சைக்கிள் சீட்டில் லத்தியால் ஓர் அடி வைத்தார். நான் இறங்கி, மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிவிட்டு, “சாஹேப், பார்சல் சாலு ஆஹே, ஹே பகா” (ஐயா, பார்சல் உண்டு, இதைப் பாருங்கள்) என்று கவரை நீட்டினேன். வாசித்தார், தேதியைப் பார்த்தார், பாத்திரத்தைத் திறக்கச் சொன்னார். சாம்பார் வாடை அடித்ததும் முகம் கொஞ்சம் இளகியது. “ஜா” (போ) என்றார். வாக்குவாதம் பண்ணியிருந்தால் அன்றைக்குச் சைக்கிள் போலீஸ் ஸ்டேஷனில் நின்றிருக்கும்.

இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்தார்கள் என்று போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் தாராவியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஷட்டரைத் தூக்க ஒருவனுக்கும் கை வரவில்லை. ரோட்டில் நின்று உரிமை பேச வேண்டாம், எழுதிப் பேசுங்கள். அபராதம் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் “பாவ்தி த்யா” என்று ரசீது கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாஸ்க் போடாததற்கு மும்பையில் 200 ரூபாய் வாங்கினார்கள், அதற்கு ரசீது உண்டு. ரசீது இல்லாமல் 100 ரூபாய்க்கு முடித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையிலேயே மார்ஷலா (அபராதம் வாங்க மாநகராட்சி நிறுத்திய ஆளா) என்று முதலில் சந்தேகப்படுங்கள். வண்டியைப் பிடித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள், வீட்டுப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் கூடவே ஓர் ஆள் போங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொற்றுநோய்ச் சட்டம் என்பது 1897இல் இதே பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் போட்டது. மீறினால் தண்டனை என்று இருக்கிறது, ஆணைப்படி நடந்த அதிகாரிக்குப் பாதுகாப்பு இருக்கிறது, அடுப்பு அணைந்தவனுக்கு என்ன என்று அதில் ஒரு வரி இல்லை. அப்போது ஆணையை மீறியதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) அது 223ஆம் பிரிவு, தண்டனையும் கூடியிருக்கிறது. ஆக, ‘சும்மா பெட்டி கேஸ்’ என்று அடுத்த முறை அலட்சியமாக இருக்க முடியாது.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். அனுமதி கிடைப்பதும் ஆள் வருவதும் ஒன்றல்ல, இது எனக்கு உறைக்கவே மூன்று வாரம் ஆனது. ரயில் ஓடாத ஊரில் ஸ்டேஷன் வாசலில் பார்சல் விற்க அனுமதி இருந்து என்ன பயன்? 2020 ஜூன் 15இல் ரயில் மறுபடி ஓடியபோதும் அத்தியாவசியப் பணியாளர்கள் மட்டும்தான் ஏறினார்கள். ஆகவே நாம்தான் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக வேண்டும். நான் இட்லியைப் பாதியாகக் குறைத்துவிட்டு மாவு விற்கத் தொடங்கினேன். மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நம் ஆட்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள், மூன்று வேளையும் வீட்டுச் சமையல், அரைக்க ஆளில்லை. ஒரு கிலோ பாக்கெட், முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் ஆர்டர், காலையில் சொசைட்டி (அடுக்குமாடிக் குடியிருப்பு) கேட்டில் வாட்ச்மேன் மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன், பணம் யுபிஐயில். இட்லி மிஞ்சினால் மத்தியானம் குப்பை. மாவு மிஞ்சினால் மறுநாள் ஊத்தப்பம். இந்த வித்தியாசம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆர்டர் வந்த பிறகே ஊறப்போடுவது என்று வைத்துக்கொண்டேன், நாலுக்கு ஒன்று அரிசி உளுந்துக் கணக்கில் முந்தின நாள் ஆர்டரைவிட ஒரு படிகூட அதிகம் போடுவதில்லை.

நீங்கள் தையல்காரராகவோ தோல் பை தைக்கிறவராகவோ இருந்தாலும் கேள்வி இதேதான்: இன்றைக்கு விற்காவிட்டால் கெட்டுப்போகிற சரக்கை நிறுத்திவிட்டு, நாளைக்கும் நிற்கிற எதைச் செய்ய முடியும்? எங்கள் சந்தில் ஜாக்கெட் தைத்த ஒரு அக்கா மாஸ்க்குக்கு மாறினார், மூன்று மாதம் அதில்தான் ஓடியது.

சொசைட்டிகளைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். ஒரு பெரிய கட்டடத்தின் கமிட்டிக்காரர்கள் “தாராவியிலிருந்து வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை” என்று கேட்டில் எழுதியே ஒட்டினார்கள். கமிட்டி போடும் விதி அரசாணை கிடையாது, ஆனால் அவர்கள் கேட்டில் நின்று அதை நிரூபித்து நான் என்ன செய்ய? அந்தக் கட்டடத்தில் மாவு வாங்கிக்கொண்டிருந்த மாமி ஒருவரே கீழே இறங்கி வந்து, தெரு முனையில் நின்று வாங்கிக்கொண்டு போனார். பிறகு அவர் பார்த்து மற்ற நாலு வீட்டுக்காரர்களையும் இறங்கி வர வைத்தார். வாடிக்கையாளர் பேசினால் கமிட்டிக்குக் காது கேட்கும்.

பணத்தில் நான் செய்த பெரிய தப்பு, தவணைத் தள்ளிவைப்பைத் தள்ளுபடி என்று புரிந்துகொண்டது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. கட்டாத மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 24 சதவீத வட்டியில் 1,00,000 ரூபாய் பாக்கி இருந்தால் ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 12,000. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல விஷயம், ஆனால் வட்டியே போய்விடவில்லை. எனவே அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால், கையில் இருப்பதில் வட்டியையாவது கட்டிவிட்டு அசலைத் தள்ளிவையுங்கள். அதுவும் முடியாவிட்டால் மட்டும் முழுசாகத் தள்ளுங்கள். கோலி (குடியிருக்கும் அறை) வாடகையும் அப்படித்தான். மூன்று மாதம் வாடகை வசூலைத் தள்ளிவைக்கச் சொல்லி அரசு அப்போது சொன்னது, ஆனால் தள்ளிவைத்தது திரும்பி வந்து நிற்கும். வீட்டுக்காரரிடம் முதல் வாரமே போய், இவ்வளவுதான் முடியும் என்று பேசிவிடுங்கள். நாலாவது மாதம் பேசினால் சண்டையாகிவிடும்.

பத்து வட்டிக்காரனிடம் போவதற்கு முன்னால், தெருவியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடனைப் பாருங்கள். 2020 ஜூனில் 10,000 ரூபாயோடு ஆரம்பித்தது, இப்போது முதல் கடன் 15,000. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. அதற்கு மாநகராட்சி கொடுக்கும் வியாபாரச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். தொற்று வந்த பிறகு அலைந்தால் கிடைக்காது, இந்த வாரமே கேட்டு வையுங்கள். ரேஷனும் அப்படியே. ஊரில் கார்டு இருப்பவர் இங்கே வாங்கும் வசதி 2020 ஏப்ரலில் நமக்கு உதவவில்லை, தமிழ்நாடு அந்தத் திட்டத்தில் சேர்ந்ததே 2020 அக்டோபரில்தான். இப்போது இருக்கிறது. ஆனால் ஊர்க் கார்டு அந்தத் திட்டத்தில் வருகிற வகையா, ஆதார் இணைந்திருக்கிறதா, கைரேகை ஏறுகிறதா என்று ஒரு தடவை இங்கே உள்ள கடையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பிஷி (நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி) போடுகிறவர்கள் ஒரு மாத அரிசி பருப்புக்கான பணத்தை அதில் முடக்காமல் தனியாக வையுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் பிஷி படுத்துவிடும், எங்களுடையது படுத்தது.

வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற விதி, சொந்தக் கக்கூஸ் உள்ளவர்களை நினைத்து எழுதினது. நாங்கள் பொதுக் கழிப்பறைக்குப் போயே ஆக வேண்டும், தண்ணீருக்கு வரிசையில் நின்றே ஆக வேண்டும். தாராவியில் முதல் நோயாளி 2020 ஏப்ரல் 1இல் தெரியவந்தபோது ஊரே எங்களைக் கைகழுவிவிட்டது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சம் பேருக்கு மேல், எப்படித் தப்பிக்கும் என்று. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை நல்ல உதாரணமாகச் சொன்னார். வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தது, கழிப்பறையை மருந்தடித்துக் கழுவியது, தனிமைப்படுத்த இடம் கொடுத்தது, எல்லாம் சேர்ந்து வேலை செய்தது. நம் கையில் இருப்பது சின்ன விஷயம்தான். நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கழிப்பறைக்கு நேரம் பிரித்துக்கொண்டோம், தாழ்ப்பாளில் ஒரு பழந்துணியும் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளியும். முதல் நாலு நாள் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துச் சந்தில் இரண்டு பேருக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

சுதந்திரம் என்று நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், ஒருவர் கோபித்துக்கொண்டால்கூடத் திரும்பிப் படுக்க இடமில்லை. ஜூன் கடைசியில் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று மும்பை போலீஸ் சொன்னபோது, எங்கள் அளவுக்கு அதுவே பெரிய சுற்றுலா. காலையில் ஆளில்லாத நேரத்தில் அரை மணி நடந்துவிட்டு வருவது, பிள்ளைகளை முறை வைத்து மாடிப்படியில் உட்கார விடுவது, இதற்கெல்லாம் இடம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது நாள் மொத்தமாக உடைத்துக்கொண்டு வெளியே போவீர்கள். ஆனால் கூட்டம் போட்டுப் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு ‘என் உரிமை’ என்று சொன்ன எங்கள் சந்துத் தம்பியிடம் நான் நாலு மாதம் பேசவில்லை. அவன் பாட்டிக்குத்தான் முதலில் வந்தது.

ஆணையில் ஒரு வரி உங்கள் தொழிலையே கொல்கிறது என்றால் எழுதிக் கொடுங்கள். 7 மணி விதியைப் பற்றி நாங்கள் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டு, தாதரில் உள்ள மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு ஆபீசில் கொடுத்தோம். ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று எழுதவில்லை, ஐந்தரைக்கு அனுமதித்தால் ஏழு மணிக் கூட்டம் இரண்டாகப் பிரியும் என்று எழுதினோம். நகலில் இன்வர்டு சீல் (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை) வாங்காமல் வராதீர்கள். விதி மாறவில்லை. ஆனால் அந்தச் சீல் போட்ட காகிதத்தைக் காட்டியே, பாத்திரத்தோடு ஆறே முக்காலுக்கு முனையில் நின்று காத்திருப்பதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொண்டோம்.

தளர்வு அறிவித்த அன்றைக்கு ஆசையில் மூன்று பானையும் கரைக்காதீர்கள். முதல் நாள் ஒரு பானை போதும். 2021 ஆகஸ்ட் 15இல் இரண்டு ஊசி போட்டு 14 நாள் ஆனவர்களை ரயிலில் விட்டபோது, ஸ்டேஷன் நிரம்பிவிடும் என்று இரண்டு பானை கரைத்தேன். ஒன்றரைப் பானை மாமிகளிடம்தான் போய்ச் சேர்ந்தது, அதுவும் புளித்த மாவு என்று பாதி விலைக்கு.