டிக்கெட்டில் போட்ட விமான நேரம் எதைக் குறிக்கிறது?

டிக்கெட்டில் 6:00 மணி என்றிருந்தால் அது விமானம் மேலே எழும்பும் நேரம் இல்லை, நின்ற இடத்தை விட்டு நகரும் நேரம். கதவை அதற்கு முன்பே சாத்திவிடுவார்கள். வந்துசேரும் நேரமும் அப்படித்தான், சக்கரம் தரையைத் தொடுவது கணக்கில்லை, நிறுத்துமிடத்தில் வந்து நிற்பதுதான் கணக்கு. ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பது, எதிர்க்காற்று என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டுவைப்பதால்தான், தாமதமாகக் கிளம்பியும் சில சமயம் சரியாகப் போய்ச் சேர்கிறோம். அப்புறம், 15 நிமிடத்துக்குள் பிந்தினால் பெரும்பாலும் அது தாமதமாகவே பதிவாகாது (நல்ல வசதி!). அதனால் இடையில் விமானம் மாற வேண்டியிருந்தால் இத்தனை சதவீதம் விமானங்கள் சரியான நேரத்துக்கு வருகின்றன என்று நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்வதை விடுங்கள், விமானங்களின் போக்குவரத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைப் போட்டு, போன வாரம் உண்மையில் எப்போது வந்தது என்று பாருங்கள்.