மெஷினிஸ்ட் ஆகணுமா? முதலில் அளக்கப் பழகுங்கள்

வேலூர், காட்பாடி பக்கம் பத்தாவது முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, நேரா சி.என்.சி. கத்துக்கலாமா?" சி.என்.சி. என்றால் கணினியில் கொடுத்த கட்டளைப்படி தானே வெட்டும் மெஷின். கத்துக்கலாம். ஆனால் வெர்னியர் என்ற அளவுகோலைப் படிக்கத் தெரியாமல் அந்த மெஷின் முன்னால் நின்றால் பட்டன் அமுக்கும் ஆளாகவே இருந்துவிடுவீர்கள்.

முதலில் ஐ.டி.ஐ. மெஷினிஸ்ட் பிரிவு 2 வருடம், பத்தாவது தேறியிருக்க வேண்டும். டர்னருக்கும் அதேதான். டர்னருக்குப் பெரும்பாலும் லேத்து, அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் மெஷின்; மெஷினிஸ்டுக்குச் சுழலும் கட்டரால் வெட்டும் மில்லிங், சாணைக்கல்லால் தேய்க்கும் கிரைண்டிங்கும் வரும். எதை எடுப்பது என்று குழம்பினால் மெஷினிஸ்ட் எடுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

வகுப்பு தொடங்கும் முன்பே 0.02 மி.மீ. வரை காட்டும் ஒரு 150 மி.மீ. வெர்னியர் வாங்கி வீட்டில் பழகலாம். நாணயம், சாவி, சைக்கிள் பேரிங் குண்டு, எதுவானாலும் சரி. வெர்னியரின் பூஜ்யம் 23ஐத் தாண்டி நிற்கிறது, அதன் 7ஆவது கோடு மேல்கோட்டோடு நேராகச் சேர்கிறது என்றால் 7ஐ 0.02ஆல் பெருக்குங்கள். 0.14. ஆக 23.14 மி.மீ. அப்புறம் மைக்ரோமீட்டர். ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும், திருகும் உருளையான திம்பிளில் 50 கோடுகள், எனவே ஒரு கோடு 0.01. ஒரே குண்டைப் பத்து தடவை அளந்து எழுதுங்கள். எண் மாறிக்கொண்டே இருந்தால் கை இறுக்குவதில் கோளாறு. கடைசியில் உள்ள சிறு குமிழான ராட்செட்டைப் பிடித்துத் திருப்புங்கள்.

இனி லேத்து. கையுறை, தொங்கும் சட்டைக்கை, மணிக்கட்டுக் கயிறு எதுவும் கூடாது. சக் என்பது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பாகம்; அதை இறுக்கும் சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. வெட்டும்போது வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்குக் கணக்கு உண்டு. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் மைல்டு ஸ்டீல் என்ற சாதாரண எஃகைக் கடைய நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வையுங்கள். 25ஐ 1000ஆல் பெருக்கி, 3.14ஆலும் விட்டத்தாலும் வகுக்க வேண்டும். 25 மி.மீ. கம்பிக்குச் சுமார் 318 சுற்று. மெஷினில் அதற்கு அடுத்துக் கீழே உள்ள வேகத்தைப் போடுங்கள்.

நான் கெடுத்த முதல் ஜாப், அதாவது கடையக் கொடுத்த துண்டு, கெட்டது கணக்கில் இல்லை, டயலில். 25.00 வேண்டும், அளந்தால் 25.40. சரி, 0.40 போகணும் என்று டயலில் நாற்பது கோடு தள்ளினேன். அந்த மெஷினில் டயல் காட்டுவது வெட்டின் ஆழத்தை; விட்டத்தில் அது இரட்டிப்பாகும். 24.60 ஆகிவிட்டது. மேஸ்திரி திட்டவில்லை. டிராயிங் தாள் காற்றில் பறக்காமலிருக்க அந்தத் துண்டை எடுத்து மேலே வைத்துக்கொண்டார். ஒரு வருடம் அது அங்கேயே கிடந்தது, என் கண்முன்னே! நீங்கள் புது மெஷினுக்குப் போனால் முதலில் கொஞ்சமாக வெட்டி, அளந்து, டயல் ஆழமா விட்டமா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று சூடு. வேலூர் வெயில் போதாதென்று ஜாப்பும் சூடாகத்தான் வரும். 50 மி.மீ. எஃகுத் தண்டு 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 0.01 மி.மீ. தடித்துக் காட்டும். அப்போதே அளந்து கடைசி வெட்டுப் போட்டால் ஆறியபின் அளவு குறைந்திருக்கும். கூலண்ட் ஊற்றி, டீ குடித்துவிட்டு வந்து அளங்கள்.

2 வருடம் முடிந்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு முயலுங்கள். ராணிப்பேட்டையில் பெல் (BHEL) ஆலை இருக்கிறது, சிப்காட்டில் பட்டறைகள் இருக்கின்றன. சி.என்.சி.யை அப்போது தொடங்கலாம். ஜி01 வெட்டும் நகர்வு, எம்03 ஸ்பிண்டில் ஓட. இந்தக் குறியீடுகளை மனப்பாடம் செய்ய அதிக நாள் ஆகாது. ஜாப் 0.02 மி.மீ. பெரிதாக வந்தால், டூலின் நிலையைத் திருத்தும் எண்ணான ஆஃப்செட்டில் எவ்வளவு திருத்துவது என்பதை மட்டும் மெஷின் சொல்லாது. அதற்கு மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.