தெருவிளக்கு எரியவில்லையா?

எங்கள் சென்னைப் புறநகர்த் தெருவில் 3 விளக்குகள் 40 நாள் எரியவில்லை. நான் முதலில் மின்வாரியத்தில் போய் நின்றதே தப்பு. தெருவிளக்கைப் பராமரிப்பது உள்ளாட்சி. கம்பி அறுந்தாலோ கம்பம் சாய்ந்தாலோதான் மின்வாரியம். அதற்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.

புகார் செய்யும்போது "கோயில் பக்கத்து விளக்கு" என்று சொல்லாதீர்கள், கம்பத்தில் பெயின்டில் எழுதிய எண்ணைச் சொல்லுங்கள். எங்கள் கம்பத்தில் அதன்மேல் போஸ்டர் ஒட்டியிருந்தது. தண்ணீர் தெளித்து உரித்த பிறகுதான் எண் தெரிந்தது. கூடவே இருட்டில் எடுத்த ஒரு படமும் வையுங்கள்.

புகார் எண் வாங்காமல் போனை வைக்கவே வைக்காதீர்கள். முதல் 2 தடவையும் "சரிம்மா, பார்க்கிறோம்" என்ற வார்த்தையை நம்பினேன், பதிவே ஆகவில்லை. பாட்டி ஒருவர் அந்த இருட்டில் பள்ளத்தில் விழுந்து கை உடைந்ததும் புகாரை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அப்புறமும் நகரவில்லையா? முதல்வர் உதவி மையம் 1100. அதற்கும் அசையாவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்க வேண்டாம்; உங்கள் புகார் எண்மீது எடுத்த நடவடிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.