டயர் மாற்றிய பின் பைக்கின் முன்சக்கரத்தையும் பிரேக்கையும் மாட்டுவது எப்படி?

கழற்றிய சக்கரத்தை மட்டும் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்ப் புது டயர் போட்டு வந்துவிட்டீர்கள். வண்டி வீட்டில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. திரும்ப மாட்டுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலைதான். ஆனாலும் பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால் வரிசை மாறக் கூடாது. 125 முதல் 160 சிசி வண்டிகளில் பரவலாக இருக்கும் ஒற்றை டிஸ்க் அமைப்பை வைத்து விளக்குகிறோம். டிரம் பிரேக்குக்குத் தனிக் குறிப்பு கீழே உண்டு.

தேவையானவை: ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே போகும் தண்டு) நட்டுக்கு ஏற்ற சாக்கெட் அல்லது ரிங் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்), கொஞ்சம் கிரீஸ், பிரேக் கிளீனர், சுத்தமான துணி, எமரி தாள், எஞ்சினுக்கு அடியில் வைக்க ஒரு மரக்கட்டை. கட்டை சைலன்சர் குழாயில் முட்டுக்கொடுத்து நிற்கக் கூடாது, குழாய் நசுங்கும்.

1. சக்கரத்தைப் பாருங்கள்

டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுற்றும் திசையை அது காட்ட வேண்டும். டிஸ்க் எந்தப் பக்கம் வரும் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். திருப்பிப் போட்டிருந்தால் இப்போதே கடைக்குத் திரும்பிவிடலாம். ரிம்முக்கு அருகே டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. ஓட்டும்போது ஹேண்டில் குதிக்கும்.

பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றுங்கள். மணல் அரைப்பதுபோல் கரகரத்தால் மாற்ற இதுதான் நேரம். ஆக்ஸிலைக் கண்ணாடி மீது உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். துருவை எமரியால் தேய்த்துத் துடைத்து, மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால் ஓட்டத்தில் வழிந்து டிஸ்க்கில் படும்.

2. டிஸ்க், பேட், காலிப்பர்

டயர் ஏற்றும்போது தடவிய சோப்பு நீரும் கடைக்காரரின் கைப்பிசுக்கும் டிஸ்க்கில் இருக்கும். இரு பக்கமும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, அதன்பின் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பேட் எண்ணெய் குடித்திருந்தால் அதை எமரியில் தேய்த்துக் காப்பாற்ற முயல வேண்டாம்; புது ஜோடி போடுவதே சரி.

சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக் லீவரை அழுத்தியிருந்தால் பிஸ்டன் வெளியே வந்து, பேட்டுகளுக்கு இடையே டிஸ்க் நுழையாது. மேலே பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி போட்டு, பேட்டுகளுக்கு நடுவே மரத்துண்டை விட்டு மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஆயில் மட்டம் ஏறும்; வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பேட்டுகளையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பரைக் கழற்றியிருந்தால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். கையோடு அதை இடவலமாக நகர்த்திப் பாருங்கள். அது நகரும் பின்கள் இறுகியிருந்தால் ஒரு பேட் மட்டும் தேயும். சுத்தம் செய்து சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள்.

3. சக்கரத்தை ஏற்றுதல்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) இரு பக்கமும் வரும் புஷ்கள் (ஆக்ஸில் நுழையும் சிறு குழாய்கள்) பல வண்டிகளில் வெவ்வேறு நீளம். இடம் மாறினால் டிஸ்க் பேட்டுகளுக்கு நடுவில் நிற்காது, உரசும். கழற்றும்போதே போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

கேபிள் ஸ்பீடோமீட்டர் வண்டி என்றால், ஸ்பீடோ கியரின் காதுகள் ஹப்பிலுள்ள பள்ளத்தில் விழும்வரை அதைச் சுற்றுங்கள். பின் அதன் உடல் ஃபோர்க்கிலுள்ள நிறுத்தியில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். காது உட்காராமல் நட்டை முறுக்கினால் கியர் நசுங்கும், முள் அசையாது. ஏபிஎஸ் வண்டியில் பல்வளையம் சென்சாரில் இடிக்காமல் ஏற்ற வேண்டும்.

டிஸ்க்கைப் பேட்டுகளுக்கு நடுவே நேராக நுழைத்து, டயருக்கு அடியில் காலை வைத்துச் சற்றுத் தூக்கி, ஆக்ஸிலைக் கையால் தள்ளுங்கள். போகவில்லையென்றால் துளைகள் நேராக இல்லை என்று பொருள். சுத்தியல் எடுக்காதீர்கள். நட்டைக் கையால் முறுக்கி நிறுத்துங்கள். காலிப்பரைக் கழற்றியிருந்தால் இப்போது டிஸ்க் மேல் மாட்டி அதன் போல்ட்டை இறுக்குங்கள்.

4. இறுக்கும் வரிசை

ஃபோர்க் காலில் ஆக்ஸிலைக் கவ்வும் பின்ச் போல்ட் உண்டென்றால் அதைத் தளர்வாக விட்டு, முதலில் ஆக்ஸில் நட்டை முறுக்குங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, லீவர் கெட்டியாகும்வரை பம்ப் செய்து, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை நாலைந்து முறை கீழே அமுக்குங்கள். இரண்டு ஃபோர்க் கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். அதன்பிறகுதான் பின்ச் போல்ட். இதைத் தவிர்த்தால் கால் கோணலாகவே பூட்டப்பட்டு, ஷாக் தடுமாறும், ஆயில் சீலும் சீக்கிரம் தேயும். பின்ச் போல்ட் இல்லாத வண்டியில் நட்டை மிதமாக முறுக்கி, அமுக்கிவிட்டு, கடைசியில் முழுதாக இறுக்குங்கள்.

இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஆக்ஸில் நட் 50–60, காலிப்பர் போல்ட் 25–30 நியூட்டன் மீட்டர் வரும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே இறுதி. நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் புதியது போடுங்கள். பழையதை மறுபடி வளைத்தால் முறியும்.

5. லீவரை மறுபடி பம்ப் செய்யுங்கள்

பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிய வண்டியில் முதல் அழுத்தலில் லீவர் ஹேண்டில்வரை வந்துவிடும், பிரேக் இருக்காது. தெருவில் இறங்கி முதல் திருப்பத்தில் இது தெரியவந்தால் விழுவீர்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள். எத்தனை முறை அழுத்தியும் பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது, பிளீட் செய்யாமல் (அந்தக் காற்றை வெளியேற்றாமல்) ஓட்டக் கூடாது. ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 வகையையே ஊற்றுங்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். மெல்லிய உரசல் சத்தம் இயல்பு. ஒரு சுற்றுக்குள்ளேயே நின்றால் புஷ் இடம், காலிப்பர் பின், ஆக்ஸில் மூன்றையும் மறுபடி பாருங்கள்.

டிரம் பிரேக் வண்டிக்கு

பிரேக் பிளேட்டில் உள்ள பள்ளம் ஃபோர்க் காலில் துருத்தி நிற்கும் முனையில் கட்டாயம் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சக்கரத்தோடு சுற்றி, கேபிளை இழுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்த்து, கையால் அசைத்து உறுதிசெய்யுங்கள். லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆக்ஸில் நட்டை இறுக்கினால் ஷூ நடுவில் நிற்கும். பின்பு லீவர் நுனியில் 10–20 மி.மீ. தளர்வு (ஃப்ரீ பிளே) இருக்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

கடையில் டயரை உட்காரவைக்க அதிகக் காற்று ஏற்றியிருப்பார்கள். டயர் குளிர்ந்த நிலையில் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி குறையுங்கள். பல வண்டிகளில் முன்பக்கம் 25 பி.எஸ்.ஐ. ஆளில்லாத தெருவில் 20 கி.மீ. வேகத்தில் பத்துமுறை மிதமாகப் பிரேக் பிடித்துப் பார்த்த பிறகு மெயின் ரோட்டுக்குப் போங்கள். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். அது தேயும்வரை, முதல் 100 கி.மீ. அளவுக்கு, திருப்பத்தில் சாய்க்கவோ திடீர் பிரேக் போடவோ வேண்டாம். மழை ரோட்டில் இன்னும் கவனம். அந்த 100 கி.மீ. முடிந்ததும் ஆக்ஸில் நட்டையும் காலிப்பர் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.