கையில் ஒரு 45 மட்டும்: அறுபதுகளின் அமெரிக்க ஊர் ராக் குழுவைத் தேடும் முறை

1964 பிப்ரவரியில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்த பிறகு, அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளி மாணவர்கள்கூடக் குழு சேர்த்தார்கள். பல குழுக்கள் ஓரிரு ஆண்டில் கலைந்தன. மிஞ்சியது சொந்தக் காசில் அச்சடித்த ஏழு அங்குல இசைத்தட்டு (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் ‘45’) ஒன்றுதான். லேபிளில் ஆண்டு இருக்காது. இருந்தாலும் தட்டே பேசும்.

முதலில், கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள், ஆலையின் எண்கள் அங்கேதான் இருக்கும். டார்ச்சைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் கீறல் எழுத்து மறைந்துவிடும். இரு பக்க எண்களையும் கோடு, முக்கோணம் உட்பட அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தில் தனியார் ஆர்டராக அச்சானது என்றால் எண்ணின் முதல் எழுத்தே ஆண்டு: ஆர் (R) 1964, எஸ் (S) 1965, டி (T) 1966, யு (U) 1967. முக்கோணத்தோடு எண் இருந்தால் லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலை. அதற்காகக் குழுவும் அந்த ஊர்தான் என்று முடிவுகட்டாதீர்கள். தொலைவிலிருந்தும் ஆலைகளுக்கு ஆர்டர் வரும். லேபிள் முகவரியில் ஐந்திலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் தட்டு 1963 ஜூலைக்குப் பிந்தியது.

அடுத்தது காப்புரிமைப் பதிவேடு. பலர் தடுமாறுவது இங்கேதான். ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிக் காப்புரிமை 1972 பிப்ரவரி 15-இல்தான் தொடங்கியது. ஆகவே குழுவின் பெயரில் தேடினால் எதுவும் கிடைக்காது. அப்போது பதிவானது ஒலிப்பதிவு அல்ல, எழுதிய பாட்டு. அதனால் பாட்டின் தலைப்பில் தேடுங்கள். அரசு வெளியிட்ட காப்புரிமைப் பட்டியலின் இசைப் பகுதி அரையாண்டுக்கு ஒரு தொகுதி. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஸ்கேனாக இருக்கிறது. ஊகிக்கும் ஆண்டோடு அடுத்த ஆண்டின் தொகுதிகளையும் புரட்டுங்கள், தாமதப் பதிவு சகஜம். ஒரு பக்கம் பிறர் பாட்டாக இருந்தால் அதை விட்டுவிட்டு, குழுவே எழுதிய மறுபக்கத்தைப் பிடியுங்கள். லேபிளில் பெரும்பாலும் எழுதியவரின் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். பதிவேட்டில் முழுப் பெயரும் தேதியும் கிடைக்கும். ‘ஈயூ’ (EU) என்று தொடங்கும் எண், பாட்டு வெளியிடப்படாத படைப்பாகப் பதிவானதைக் காட்டும். தேடலின் திருப்புமுனை பதிவேட்டின் இந்த ஒரு வரிதான்.

பெயர் கிடைத்ததும் ஊர் நாளிதழின் வார இறுதி நடன விளம்பரங்கள், வானொலி நிலையங்களின் வாராந்தர டாப் 40 (முன்னணிப் பாடல் பட்டியல்) தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள் ஆகியவற்றைப் புரட்டுங்கள். ஒரே பெயரில் பல மாநிலங்களில் குழுக்கள் இருந்தன. உறுப்பினர் பெயர் ஒன்றாவது பொருந்தாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

உறுப்பினர்களிடம் பேசுவதைக் கடைசியில் வையுங்கள். அறுபது ஆண்டு கழித்து யாருக்கும் தேதி நிற்காது. விளம்பர நகலை முன்னால் வைத்தால் மண்டபமும் ஆம்ப்ளிஃபயரும் நினைவுக்கு வரும். “எப்போது கலைந்தீர்கள்?” என்று கேட்காமல், யார் எந்த ஜூனில் பள்ளி முடித்தார், யார் கல்லூரிக்குப் போனார், யாருக்கு ராணுவ அழைப்பு வந்தது என்று தனித்தனியே கேளுங்கள். கடைசி நிகழ்ச்சியின் மாதம் பெரும்பாலும் அந்தப் பதில்களில் அகப்படும்.