மூடிக் கிடக்கும் ஸ்டேஷனின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

கடலூர், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் ரயில் நிற்காமல் புதர் மண்டிக் கிடக்கும் ஸ்டேஷனைப் பற்றி யாரைக் கேட்டாலும் "அது வெள்ளைக்காரன் காலத்துது" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் முதலில் அது எந்தப் பாதையில் இருக்கிறது என்று பாருங்கள். விழுப்புரம் - புதுச்சேரி பாதை 1879இல் திறந்தது, பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்குள் போனதால் அதற்குப் பிரெஞ்சு ஆவணங்களையும் தேட வேண்டியிருக்கும். கடலூர் வழியாக மயிலாடுதுறை போகும் பழைய மெயின் லைனில் மீட்டர் கேஜை (குறுகலான பாதை) எடுத்துவிட்டு 2010இல்தான் பிராட் கேஜில் (அகலப் பாதை) ரயில் விட்டார்கள்.

தேடும்போது பழைய பெயர்களைப் போடுங்கள். 1951 வரை தென்னிந்திய ரயில்வே, 1993 வரை தென்னாற்காடு மாவட்டம். பரங்கிப்பேட்டை கிடைக்கவில்லையென்றால் போர்ட்டோ நோவோ.

என்னைக் கேட்டால் பழைய கால அட்டவணைதான் நல்ல சாட்சி. ஸ்டேஷன் பெயர் கடைசியாக எந்த ஆண்டு அட்டவணையில் இருக்கிறது, அடுத்ததில் இல்லையா என்று பார்த்தாலே மூடிய காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

அப்புறம் ஊர்ப் பெரியவர்கள், அதிலும் ரிட்டயரான கேங்மேன் (தண்டவாளத்தைப் பராமரிப்பவர்), கேட்கீப்பர் யாராவது இருந்தால் விடாதீர்கள். "எந்த வருஷம் மூடினாங்க ஐயா?" என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், அதனால் எம்.ஜி.ஆர். இறந்த சமயத்தில் இந்த ஸ்டேஷனில் ரயில் நிற்குமா, சுனாமிக்கு முன்னாடியா, தானே புயலடித்தபோது ஸ்டேஷன் கூரையில் ஓடு இருந்ததா என்று கேளுங்கள். 1987, 2004, 2011 என்று ஆண்டு தானாக வந்து விழும்.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் கம்பெனி பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும், ஆனால் அது இரும்பு உருட்டிய ஆண்டு, ஒரு இடத்தில் கழற்றியதை வேறு இடத்தில் போடுவது சகஜம் என்பதால் அதை வைத்து ஸ்டேஷனுக்கு வயசு சொல்லிவிடாதீர்கள். ரயில் ஓடும் பாதையென்றால் அனுமதி இல்லாமல் இறங்கவும் வேண்டாம், ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் வழக்குப் போடுவார்கள்.

கடைசியாக, 10 ரூபாய் கட்டி திருச்சி ரயில்வே கோட்டத்துக்குத் தகவல் உரிமை மனு போடலாம். "ஏன் மூடினீர்கள்?" என்று கேட்டால் தட்டிக்கழிக்க வசதியாகிவிடும், கையிலிருக்கும் ஆவணத்தைத்தான் கொடுப்பார்கள், அதனால் மூடச்சொன்ன உத்தரவின் நகலைக் கேளுங்கள், கால அட்டவணையில் பிடித்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.